மூன்றரை வட்டி: ஒரு கணக்கு வழக்கின் கதை



ரஞ்சன்குடிக் கோட்டை பற்றிய பதிவின் முடிவில், அடுத்தது கங்கைகொண்ட சோழபுரம் என்று சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் என் பழைய மாணவன் ஒருவன். உரக்கடை வைத்திருக்கிறான். பேச்சுவாக்கில் சொன்னான்: கிரெடிட் கார்டு பில்லில் தான் செலவே செய்யாத 19 ஆயிரம் வந்ததாம், ஒரு வார்த்தை பேசாமல் கட்டிவிட்டானாம். "எதுக்கு சார் வம்பு, அவங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னா இருக்கும்தானே" என்றான். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன் அவன். அவனுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் அப்பா கதை. குன்னம் பக்கம் மானாவாரி நிலம், பருத்தியும் வரகும். 1958-ல் உழவு மாடு வாங்க ஒருவரிடம் 400 ரூபாய் கடன் வாங்கினார், புரோநோட்டு எழுதிக் கொடுத்து. 1960-ல் 100 ரூபாய் கட்டினார். நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மறு வருஷம் பருத்தி விற்று மீதியை வட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து நோட்டு பெட்டிக்குள் இருக்கிறது, சாவி இல்லை என்றார்கள். "நம்பிக்கைதானே, அப்புறம் வாங்கிக்கலாம்" என்று அப்பா திரும்பிவிட்டார். கடன் கொடுத்தவர் காலமானார். 1962-ல் அவர் மகன் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். கையில் நோட்டு இருந்தது, பின்னால் 100 ரூபாய் வரவும் இருந்தது. புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள் என்றாலும், வரவு எழுதிக் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம் ஓடும். ஆக, அப்பா நாணயமாகக் கட்டிய அந்த 100 ரூபாயே வழக்குக்கு உயிர் கொடுத்தது. மீதியைக் கட்டியதற்கு ஆதாரம் கேட்டார்கள். அப்பாவிடம் வாய் வார்த்தை தவிர எதுவும் இல்லை. அம்மாவின் தோடு போயிற்று. அந்தத் தோட்டைத் திரும்ப வாங்க நான் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது.

வகுப்பில் தக்காணக் கலகம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோடு ஞாபகம் வரும். உங்களில் சிலருக்கும் பாடம் நினைவிருக்கலாம். 1875 மே 12, பூனா மாவட்டத்தில் சூபா என்ற சந்தை ஊர். விவசாயிகள் கூடி லேவாதேவிக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். அவர்கள் முதலில் கேட்டது தானியத்தையும் நகையையும் அல்ல, கடன் பத்திரத்தையும் கணக்குப் புத்தகத்தையும். கொடுத்தால் அதைக் கொளுத்தினார்கள், கொடுக்காத இடத்தில் அடிதடி. பிரிட்டிஷ் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் கடனாளியைக் கைது செய்வது பற்றியெல்லாம் பல பிரிவுகள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சின்ன விஷயம்: பணம் கட்டினால் எழுத்தில் ரசீது கேட்கலாம், வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு விவரம் கேட்கலாம், கைப்புத்தகம் கேட்கலாம். கடன் கொடுத்தவன் தர வேண்டும். இன்றைக்கு மாதாமாதம் உங்கள் மெயிலில் வந்து விழும் ஸ்டேட்மென்ட் இருக்கிறதே, நாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அதைக் கேட்டு ஊரே எரிந்திருக்கிறது.

நம் மாகாணத்திலும் சட்டம் வந்தது. ராஜாஜி பிரதமராக (அன்றைக்கு முதல்வர் என்ற பெயர் இல்லை) இருந்தபோது 1938-ல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1937 அக்டோபர் 1 அன்று பழைய கடன்களில் நிலுவையில் நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் கட்டியதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். என் அப்பா மாதிரி ஆட்களிடம் அது ஏது?

சோழர் காலத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாக வாங்கிய விவரம் வரிசையாக இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. பொலிசை என்றால் வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை. கடன் தொகை, வட்டி, எந்த ஊர், எதற்காக, எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு பேச்சு. ஆனால் கணக்கு கொடுத்தவன் பெட்டிக்குள் இல்லை, இருவரும் போய்ப் பார்க்கக்கூடிய சுவரில் இருந்தது. அதற்கும் என் அப்பாவின் நோட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அட்டைக்கு வருகிறேன்.

1958 செப்டம்பரில் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில், பேங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60 ஆயிரம் பேருக்கு அவர்கள் கேட்காமலே தபாலில் கடன் அட்டை அனுப்பியது. அப்பா மாட்டுக்குக் கடன் வாங்கிய அதே வருஷம்! நூற்றுக்கு நாலு பேர் கட்டத் தவறுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள், 22 பேர் தவறினார்கள். திருட்டு, மோசடி எல்லாம் சேர்ந்தே வந்தன. கேட்காமல் அட்டை அனுப்புவதை அமெரிக்கா 1970-ல் தடை செய்தது. 1974-ல் இன்னொரு சட்டம்: பில்லில் தவறு இருந்தால் 60 நாளுக்குள் வாடிக்கையாளர் எழுத்தில் சொன்னால் போதும், கம்பெனி விசாரித்துப் பதில் சொல்லியாக வேண்டும், அதுவரை அந்தத் தொகையைக் கேட்டு நெருக்கக் கூடாது. கவனியுங்கள், எழுத்தில்.

இந்தியாவில் வங்கி வெளியிட்ட முதல் கடன் அட்டை 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவுடையது. நம் பக்கம் அது எட்டிப் பார்க்க இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது, 2001-ல் அரியலூர் பிரிந்தது, அடுத்த வருஷமே மறுபடி சேர்ந்தது, 2007 நவம்பரில் நிலையாகப் பிரிந்தது. நாங்கள் லெட்டர்பேடில் மாவட்டத்தின் பெயரை அடித்து அடித்துத் திருத்தியது தனிக் கதை. அந்த ஆண்டுகளில்தான் பெருநகரங்களில் ஸ்டால் போட்டு, இலவசம் என்று சொல்லி அட்டையைத் தலையில் கட்டினார்கள். 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கேட்காதவருக்கு அட்டை தரக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2007-ல் உச்ச நீதிமன்றம், ஒரு தனியார் வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில், கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்புவதைக் கடுமையாகக் கண்டித்தது.

வட்டி விஷயம்தான் இன்னும் ஆறாத புண். ஊரில் "மூணு வட்டி" என்றால் முகம் சுளிப்போம், இல்லையா? நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 2003-ல் தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகச் சட்டமே வந்தது. என் அட்டையில் மாதம் மூன்றரை. ஆண்டுக்கு 42 சதவீதம். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் அட்டைக்கு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் எல்லை, ஆணையம் அதில் தலையிட முடியாது என்பது அதன் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஒரு வாத்தியாராக எனக்கு அது உறுத்துகிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

என் வழக்கு இதுதான். பென்ஷன் கணக்கு இருக்கும் வங்கி வேறு, அட்டை கொடுத்த வங்கி வேறு. பெயர் வேண்டாம். 2021-ல் மகன் வற்புறுத்தி வாங்கிக் கொடுத்தான். மாதத்துக்கு இரண்டு தடவை பெட்ரோல் பங்கிலும், மருந்துக்கடையிலும் தேய்ப்பேன், அவ்வளவுதான். 2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. விடியற்காலை எழுந்து போனைப் பார்க்கிறேன், நள்ளிரவு இரண்டேகால் மணிக்கு இரண்டு எஸ்.எம்.எஸ். ஒன்று 18,990, இன்னொன்று 12,490. மொத்தம் 31,480 ரூபாய். ஏதோ வெளிநாட்டு இணையக் கடை. ஓ.டி.பி. எதுவும் வரவில்லை. 2009 ஆகஸ்ட் முதல் நம் நாட்டு இணையக் கடைகளில் அட்டைக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அட்டை எண்ணும் பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் தெரிந்தால் போதும்.

ஏழு மணிக்குள் போன் செய்து அட்டையை முடக்கினேன். புகார் எண் கொடுத்தார்கள். திருச்சியில் வங்கியில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டேன். "போன்ல சொன்னதோட விட்டுடாதீங்க சார், இன்னைக்கே மெயில் போடுங்க, அந்த எஸ்.எம்.எஸ்ஸை போட்டோ எடுத்துச் சேருங்க" என்றாள். போட்டேன். பத்து நாளில் பணம் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நானும் மறந்துவிட்டேன். அதுதான் தப்பு. அந்த வரவு தற்காலிகம், விசாரணை முடியும்வரைதான்.

அக்டோபர் 12-ம் தேதி, "பரிவர்த்தனை சரியான அட்டை விவரங்களோடு நடந்திருக்கிறது, எனவே தொகை உங்களுடையது" என்று இரண்டு வரி மெயில். 31,480 மறுபடி பற்று எழுதப்பட்டது. நான் கட்டவில்லை. வட்டி, தாமதக் கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறி டிசம்பர் பில் 36 ஆயிரத்தைத் தாண்டியது. வசூல் போன்கள் ஆரம்பித்தன. காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது. எனக்கு இரவு ஒன்பதுக்கு வரும். விண்ணப்பத்தில் தெரிந்தவர் என்று ஜெயங்கொண்டத்தில் இருக்கும் தங்கை மகள் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவள் அழாத குறையாகக் கூப்பிட்டாள்: "மாமா, யாரோ ஒருத்தன் உங்க பேரைச் சொல்லி, பணத்தை ஏமாத்திட்டாருன்னு கத்துறான், என் மாமியார் பக்கத்துல நிக்கிறாங்க." அன்று இரவு என் வீட்டில் சோறு இறங்கவில்லை. "கட்டித் தொலைச்சிடுங்க, மானம் போகுது" என்றாள் என் மனைவி. சொல்லப் போனால் கட்டிவிடத்தான் நினைத்தேன். 36 ஆயிரம் என்பது என் ஒரு மாதப் பென்ஷனுக்குக் கிட்ட. கட்டாமல் நிறுத்தியது தோடுதான்.

அந்த மெயில் வந்த நான்காம் நாள், அக்டோபர் 16-ல், வங்கியின் நோடல் அதிகாரிக்குக் கடிதம் எழுதியிருந்தேன். அதில் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டே கேள்வி.

ஒன்று: ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கை. தப்பு வங்கியிலும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ கசிந்தது என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்பவருக்கு ஒரு பைசா பொறுப்பும் கிடையாது. நாலிலிருந்து ஏழு நாள் என்றால் ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கு அதிகபட்சம் 10 ஆயிரம் வரை நாம் தாங்க வேண்டும். ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. (ஓ.டி.பி.யை நாமே யாருக்காவது சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை, புகார் செய்யும்வரை நஷ்டம் நம்முடையது.) இதற்கெல்லாம் மேலாக அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியுடையது. 1962-ல் என் அப்பாவிடம் கேட்டார்களே ஆதாரம், அந்தக் கேள்வி இப்போது எதிர்ப் பக்கம் நிற்கிறது. நான் முதல் நாளே சொன்னேன், உங்கள் ஆதாரம் எங்கே?

இரண்டு: 2020 ஜனவரி 15-ல் வந்த இன்னொரு சுற்றறிக்கை. புதிதாகக் கொடுக்கும் அட்டையில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியே இருக்க வேண்டும், வாடிக்கையாளர் திறந்தால்தான் திறக்கும். என் அட்டை 2021-ல் கொடுத்தது. வெளிநாட்டுப் பயன்பாட்டை நான் ஒருநாளும் திறக்கவில்லை. யார் திறந்தது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வழியில்? அந்தப் பதிவைக் காட்டுங்கள்.

முப்பது நாள் பதில் இல்லை. நவம்பர் 20-ல் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேனிடம் புகார் செய்தேன். வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டம் 1995-ல் வந்தது. அட்டைப் புகார்கள் 2006 முதல். 2021 நவம்பர் 12-ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், சி.எம்.எஸ். என்ற ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே எழுதலாம். கணினி வராதவர்கள் சண்டிகருக்குத் தபாலிலும் அனுப்பலாம். சந்தேகத்துக்கு 14448. முதலில் வங்கிக்கே எழுதி முப்பது நாள் காத்திருக்க வேண்டும், நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் அந்த அக்டோபர் கடிதத்தின் தேதி அவ்வளவு முக்கியம். வசூல் போன்களின் தேதி, நேரம் எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்திருந்தேன், பிறகு அதையும் சேர்த்து அனுப்பினேன்.

ஆம்பட்ஸ்மேன் தீர்ப்பு என்று எதுவும் எழுத வேண்டி வரவில்லை. அங்கிருந்து வங்கிக்குக் கடிதம் போனதும், 2024 ஜனவரியில் வங்கியே 31,480-ஐயும் அதன் மேல் ஏறிய வட்டி, கட்டணம், வரி எல்லாவற்றையும் திருப்பி வரவு வைத்தது. "நல்லெண்ண அடிப்படையில்" என்று ஒரு வரி. வெளிநாட்டுப் பயன்பாட்டை யார் திறந்தது என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் இல்லை. தங்கை மகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அதை நான் வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

கடன் மதிப்பெண்ணில் "நிலுவை" என்று ஏறியிருந்தது. அதற்குத் தனியாக எழுத வேண்டியிருந்தது. இப்போது அந்தத் திருத்தத்தை முப்பது நாளில் முடிக்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்ன விதி நடப்பில் இருக்கிறது. ஆம்பட்ஸ்மேனிடம் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அந்த அட்டையை மூடச் சொல்லி எழுதினேன். நிலுவை இல்லாத அட்டையை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் தர வேண்டும் என்பது 2022 ஏப்ரல் விதி. ஐந்தாம் நாளே மூடிவிட்டார்கள். இதில் மட்டும் என்ன வேகம்!

உரக்கடைக்காரனிடம், பில் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். இருபது நாள் இருக்கும் சார் என்றான். மூன்று நாளும் போயிற்று, ஏழு நாளும் போயிற்று, போதாக்குறைக்குப் பணத்தையும் கட்டிவிட்டான். முழுசாகத் திரும்பக் கிடைக்கும் என்று அவனுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. வெளிநாட்டுப் பயன்பாடு அவன் அட்டையில் திறந்திருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். வரும் ஞாயிறு காலை, அந்த ஸ்டேட்மென்ட்டையும் எஸ்.எம்.எஸ். இருக்கும் போனையும் எடுத்துக்கொண்டு பெரம்பலூர் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை அவனே எழுத வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இதே மாதிரி வேறு யாருக்காவது இருந்தால் நீங்களும் வரலாம், பத்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன்.